தொடையில குழி குழியா இருக்கே, டாக்டர்?

வெயில் ஆரம்பிச்சாச்சு, டூர் ப்ளான், பூல், ஷார்ட்ஸ், கல்யாண சீசன் எல்லாம் ஒண்ணா வந்தாச்சு, அதனாலயோ என்னவோ இந்தத் தடவை எடிட்டர் அனுப்புன கட்டுல முக்கால்வாசி பொண்ணுங்க தங்களோட தொடையையும் இடுப்பையும் திட்டி எழுதுன கடிதங்கதான். அதனால பருத் தழும்பு, முடி கொட்டுறது எல்லாம் அடுத்த இதழுக்குத் தள்ளி வச்சுட்டேன், கோச்சுக்காதீங்க. பேரு, வேலை பாக்குற கம்பெனி, சென்டர் பேரு எல்லாத்தையும் எடுத்துட்டுதான் போட்டிருக்கேன்.

கேள்வி: டாக்டர், எனக்கு 24 வயசு, திருப்பூர்ல ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனில மெர்ச்சண்டைசரா இருக்கேன். 5 அடி 3 அங்குலம், 56 கிலோ. யார் பாத்தாலும் ஒல்லியாதான் இருக்கேன்னு சொல்வாங்க, ஆனா தொடைக்குப் பின்பக்கமும் பின்புறமும் குழி குழியா மேடு பள்ளமா இருக்கு. போன மாசம் ஒரு ஷோரூம் ட்ரையல் ரூம்ல மூணு பக்கம் கண்ணாடில பாத்து அழுகையே வந்துடுச்சு, எடுத்த ஷார்ட்ஸை அப்படியே வச்சுட்டு வந்துட்டேன். நாள் பூரா லெக்கிங்ஸ் ஃபிட் சாம்பிள் பாக்கறது, ஹிப் அளவு தொடை அளவு டேப் வச்சு எடுக்கறதுதான் என் வேலை, பையர் அனுப்புற போட்டோல இருக்கற பொண்ணுங்க கால் எல்லாம் வழவழன்னு இருக்கும். ஜூன்ல டீம் அவுட்டிங், ரிசார்ட்ல பூல் இருக்கு. என்னவோ காரணம் சொல்லி வரலைன்னு சொல்லிடலாமான்னு இருக்கேன். இது எதனால வருது, போக வைக்க முடியுமா?

பதில்: உங்களுக்கு வியாதி எதுவும் இல்லம்மா, அதை முதல்ல சொல்லிடறேன், மீதியை நிதானமா படிங்க. நீங்க குடுத்த கணக்குக்கு பிஎம்ஐ, அதாவது உயரத்துக்கு எடை சரியான்னு பாக்கற அளவு, 22 கிட்ட வருது, நம்ம இந்தியர்களுக்கு 23-க்குக் கீழ இருந்தா சரியான எடைன்னுதான் கணக்கு. ஆக இது எடை சம்பந்தப்பட்ட விஷயமே இல்ல.

இதை செல்லுலைட்னு சொல்வாங்க. வீட்ல பழைய இலவம்பஞ்சு மெத்தை இருந்தா கொஞ்சம் பாருங்க, அங்கங்க நூல் போட்டு கீழ வரைக்கும் இழுத்துத் தைச்சிருப்பாங்க, தைச்ச இடம் குழியும், நடுவுல பஞ்சு மேல எழும்பி நிக்கும். தோலுக்கு அடியிலயும் அதேதான் நடக்குது. தோலை அடியில இருக்கற தசையோட பிடிச்சு வைக்கறதுக்கு நார் நாரா இழைகள் இருக்கு, அந்த இழைகளுக்கு நடுவுல கொழுப்பு சின்னச் சின்ன உருண்டையா உக்காந்திருக்கு, இழை கீழ இழுக்குது, கொழுப்பு மேல தள்ளுது, அவ்ளோதான் அந்தக் குழி. சரி, ஆம்பளைங்களுக்கு ஏன் வரலைன்னு கேட்பீங்க. 1978-ல நூர்ன்பெர்கர், முல்லர்னு ரெண்டு பேர் ஆண், பெண் ரெண்டு பேரோட தோலையும் எடுத்து ஆராய்ச்சி பண்ணிப் பாத்தாங்க, பெண்களுக்கு அந்த இழைங்க பெரும்பாலும் செங்குத்தா நேரா மேலயும் கீழயும் ஓடுது, ஆண்களுக்கு சாய்வா குறுக்கும் நெடுக்குமா பின்னிக்கிட்டு இருக்கு, அதனால அவங்களுக்குக் கொழுப்பு மேல எட்டிப் பாக்க வழி இல்ல. அதோட ஆண்களுக்குத் தோலும் தடிமன். இதுல எஸ்ட்ரோஜன் ஹார்மோனுக்கும் பங்கு இருக்கு, அதனாலதான் வயசுக்கு வந்ததுக்கு அப்புறம்தான் இது தெரிய ஆரம்பிக்கும். வயசுக்கு வந்த பொண்ணுங்கள்ல 100-க்கு 80லேர்ந்து 90 பேருக்கு ஏதோ ஒரு அளவுல இருக்கு. உங்க அம்மாவுக்கு இருக்கும், அத்தைக்கு இருக்கும், உங்களை ஒல்லின்னு சொல்ற அந்த ஃப்ரெண்டுக்கும் இருக்கும், புடவைக்கும் சுடிதாருக்கும் உள்ள இருந்ததால யாரும் யாரோடதையும் பாக்கல, அதான் நிஜம்.

அந்த ட்ரையல் ரூம் விஷயத்துக்கு வர்றேன். அங்க லைட் எங்க இருந்துச்சு, தலைக்கு நேர் மேல இருந்திருக்கும். மேல இருந்து விழற வெளிச்சம் ஒவ்வொரு சின்ன மேட்டுக்கும் கீழ ஒரு நிழலைப் போடும், அந்த நிழலைத்தான் நாம பள்ளம்னு பாக்கறோம். வீட்ல பகல்ல ஜன்னலுக்கு முதுகைக் காட்டி நின்னு, வெளிச்சம் நேரா கால் மேல விழற மாதிரி வச்சு, கைக்கண்ணாடில பாருங்க, பாதி காணாமப் போயிருக்கும். குப்புறப் படுத்துட்டு அம்மாவைப் பாக்கச் சொல்லுங்க, இன்னும் குறையும். நாங்க கிளினிக்ல இதை அளக்கறதே அப்படித்தான்: தோலைக் கிள்ளினா மட்டும் தெரிஞ்சா முதல் நிலை, நின்னா தெரிஞ்சு படுத்தா மறைஞ்சா ரெண்டாவது, படுத்தாலும் தெரிஞ்சா மூணாவது. உங்களோடது ரெண்டாவதா இருக்கும்னு நினைக்கறேன், இந்த மூணுல எதுக்குமே வைத்தியம் பண்ணியே ஆகணும்னு கட்டாயம் இல்ல.

போட்டோ பத்தி நான் உங்களுக்குச் சொல்லணுமா, ஃபிட் சாம்பிள்ல முட்டிக்குப் பின்னாடி விழற துணி மடிப்பு கேட்டலாக்ல வரும்போது எங்க போகுதுன்னு உங்களுக்குத் தெரியாதா. துணி மடிப்பையே அழிக்கறவங்க தோல் குழியை விட்டு வைப்பாங்களா? நார்வேல இதுக்குச் சட்டமே போட்டாங்க, 2022 ஜூலைலேர்ந்து விளம்பரப் படத்துல உடம்போட அளவையோ தோலையோ மாத்தியிருந்தா அதை மாத்தியிருக்கோம்னு படத்துலயே முத்திரை குத்தணும். பிரான்ஸ்ல 2017லயே மாடல்களோட உடம்பை ஒல்லியாவோ குண்டாவோ மாத்துன படங்களுக்கு அப்படி ஒரு விதி வந்துடுச்சு. நம்ம ஊர்ல அது இல்ல, அதனால நாமளே மனசுல முத்திரை குத்திக்க வேண்டியதுதான்.

இன்னொண்ணு. இது ஒரு குறைன்னு உலகம் பூரா பரவுனதே ரொம்பப் பழைய கதை இல்ல. ரூபன்ஸ்னு ஒரு ஓவியர் 1630கள்ல வரைஞ்ச மூணு தேவதைங்க படம் மாட்ரிட்ல பிராடோ மியூசியத்துல இருக்கு, அந்த மூணு பேருக்கும் தொடையில, பின்புறத்துல இதே குழிதான், அழகுன்னுதான் மனுஷன் உக்காந்து வரைஞ்சிருக்கார். பிரான்ஸ்ல ஸ்பா நடத்தறவங்க இதைப் பத்திப் பேசிக்கிட்டு இருந்தாங்க, 1968-ல அமெரிக்க வோக் பத்திரிகை இதை எடுத்துப் போட்டுச்சு, அங்கேர்ந்து க்ரீம், மெஷின், மசாஜ்னு ஒரு பெரிய வியாபாரமே கிளம்பிடுச்சு. உங்க தொழில்லயே ஒரு கூத்து நடந்திருக்கு தெரியுமா, காஃபின் கலந்த துணில இன்னர்வேர் தைச்சு இதைப் போட்டா செல்லுலைட் குறையும் இடுப்பு இளைக்கும்னு அமெரிக்காவுல ரெண்டு கம்பெனி வித்தாங்க, 2014-ல அங்க ஏமாத்து விளம்பரத்தைத் தட்டிக் கேக்கற எஃப்டிசிங்கற அரசு அமைப்பு நடவடிக்கை எடுத்து, ரெண்டு கம்பெனியும் சேர்ந்து 15 லட்சம் டாலருக்கு மேல வாங்குனவங்களுக்குத் திருப்பிக் குடுக்கற மாதிரி ஆச்சு. பேன்டிக்குள்ள காபி! சிரிச்சுட்டு மேல படிங்க.

போக வைக்க முடியுமான்னு கேட்டீங்க. முழுசா, நிரந்தரமா போக வைக்கற வைத்தியம் இன்னைக்கு வரைக்கும் கிடையாது. அந்த இழையை ஊசி மாதிரி கருவி விட்டு அறுத்து விடறது ஒண்ணு இருக்கு, சில குழிகளுக்கு ஓரளவு பலன் தெரியும், ஆனா காசு ஜாஸ்தி, ரத்தக்கட்டு வரும், நம்ம மாநிறத் தோலுக்கு ரத்தக்கட்டு ஆறுனப்புறம் கருப்புத் தழும்பு நிக்கற ஆபத்து வேற. இழையைக் கரைக்கற ஒரு ஊசிக்கு அமெரிக்காவோட மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ 2020-ல அனுமதி குடுத்துச்சு, போட்டவங்களுக்கு ரத்தக்கட்டும் நிறம் மாறுறதும் ரொம்ப நாள் போகாம இருந்ததுல கம்பெனியே 2022 கடைசில அதை நிறுத்திடுச்சு. ரேடியோ ஃப்ரீக்வென்சி, லேசர், அது இதுன்னு இருக்கற மெஷின் எல்லாம் கொஞ்ச மாசம் தோலை இறுக்கிக் காட்டும், அப்புறம் பழையபடி. கொழுப்பை உறிஞ்சி எடுக்கற லைப்போசக்ஷன் இதுக்கானதே இல்ல, பண்ணா சில பேருக்குக் குழி இன்னும் எடுப்பாத் தெரியும். அதே காரணம்தான் பட்டினி டயட்டுக்கும், வேகமா இளைச்சா தோல் தொய்ஞ்சு குழி ஜாஸ்தி தெரியும், கூடவே ரெண்டு மூணு மாசம் கழிச்சு முடி கொத்துக் கொத்தா கொட்டும், அப்போ அதுக்கு ஒரு கடிதம் எனக்கு எழுதுவீங்க.

செலவு இல்லாம கொஞ்சம் பலன் தர்றதுன்னா தொடைத் தசைக்கும் பின்புறத் தசைக்கும் வேலை குடுக்கறதுதான். ஸ்குவாட், படி ஏறுறது, கையில கொஞ்சம் வெயிட் வச்சு பண்ற பயிற்சி, வாரத்துல மூணு நாள் பண்ணுங்க, கூட பருப்பு, முட்டை, பயறு, மீன்னு புரோட்டீன் ஒழுங்கா சாப்பிடுங்க. தசை உருண்டு வந்தா மேல இருக்கற தோல் கொஞ்சம் சமமாத் தெரியும். அப்பவும் குழி இருக்கும், ஆனா கால்ல பலம் இருக்கும், நாள் பூரா ஃப்ளோர்ல நின்னு வேலை பாக்கற ஆளுக்கு அது பெரிய விஷயம்.

அவுட்டிங் போங்க. ஷார்ட்ஸ் போடணும்னு கட்டாயம் இல்ல, போடக் கூடாதுன்னும் இல்ல. முட்டி வரைக்கும் வர்ற நைலான் லைக்ரா ஸ்விம் ஷார்ட்ஸ் கிடைக்கும், காட்டன் லெக்கிங்ஸோட மட்டும் தண்ணில இறங்காதீங்க, ஊறிப்போய் இழுத்துக்கிட்டு தொங்கும், துணி பத்தி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்ல. யாராவது "என்னடி கால் இப்படி இருக்கு"ன்னு கேட்டா, "ஆமா, பொண்ணுங்களுக்கு இருக்கறதுதான், உனக்கும் இருக்கும் போய்ப் பாரு"ன்னு சொல்லிட்டு தண்ணில குதிங்க.

கேள்வி: காபித்தூள், சக்கரை, தேங்காய் எண்ணெய் கலந்து தேய்ச்சா செல்லுலைட் கரையும்னு ரீல்ஸ்ல போடறாங்களே மேடம், நிஜமா? ரெண்டு மாசமா தேய்க்கறேன். (கல்லூரி மாணவி, கும்பகோணம்)

பதில்: கரையாது. தேய்க்கறதுல ரத்த ஓட்டம் கூடி, காஃபின்ல தோல் கொஞ்சம் நீர் வத்தி, ஒரு சில மணி நேரம் இறுக்கமாத் தெரியும், குளிச்சு முடிச்ச சூட்டோட எடுக்கற வீடியோல அதைத்தான் காட்டறாங்க. எண்ணெயால தோல் மெத்துன்னு இருக்கும், அது நல்லதுதான். ஆனா சக்கரையைப் போட்டு அழுத்தித் தேய்ச்சா தோல் சிராய்ச்சு அந்த இடம் கருத்துப் போகும். நல்ல டிகிரி காபி கிடைக்கற ஊர்ல இருந்துக்கிட்டு அதைத் தொடையில தேய்க்கறீங்களே, குடிங்கம்மா.

கேள்வி: அக்கா, நான் அம்பத்தூர், நைட் ஷிஃப்ட் வேலை, 27 வயசு. ஒரு ஸ்லிம்மிங் சென்டர்ல 12 சிட்டிங் பேக்கேஜ் 48,000 ரூபாய்னு சொல்லி அங்கேயே ஆப்ல லோன் போட்டு இஎம்ஐ ஆக்கி விட்டுட்டாங்க. முதல் நாளே ரெண்டு இன்ச் குறைஞ்சுதுன்னு டேப் வச்சுக் காட்டினாங்க, சந்தோஷமா இருந்துச்சு. அஞ்சு சிட்டிங் ஆச்சு, ஒண்ணும் மாறல, கேட்டா உங்களுக்கு செல்லுலைட் பிடிவாதமா இருக்கு இன்னொரு 20,000-க்கு ஆட்-ஆன் எடுக்கணும்ங்கறாங்க. வீட்ல சொல்லல. பணம் திரும்பக் கிடைக்குமா?

பதில்: ஆட்-ஆனுக்கு ஒரு ரூபா குடுக்காதீங்க, இதான் முதல் வேலை.

அந்த ரெண்டு இன்ச் எங்க போச்சுன்னு சொல்றேன். இறுக்கமா ரேப் சுத்தி, சூடு வச்சு, வேர்க்க விட்டா உடம்புல இருக்கற நீர் கொஞ்சம் போகும், துணி அழுத்துன இடம் கொஞ்ச நேரம் அமுங்கியே இருக்கும், அப்புறம் டேப்பை முன்ன வச்ச இடத்துக்கு ஒரு விரக்கடை தள்ளி, இன்னும் கொஞ்சம் இழுத்துப் பிடிச்சு அளந்தா இன்ச் குறையத்தான் செய்யும். மறுநாள் காலைல ரெண்டு சொம்பு தண்ணி குடிச்சுட்டு நீங்களே தொப்புளுக்கு நேரா அளந்து பாருங்க, பழைய அளவு வந்து நிக்கும். கொழுப்பு குறைஞ்சா அப்படி ஒரு மணி நேரத்துல குறையாது.

பணத்துக்கு வர்றேன். நான் தோல் டாக்டர், வக்கீல் இல்ல, ஆனா கிளினிக்குக்கு வர்ற பொண்ணுங்களுக்கு இதைச் சொல்லிச் சொல்லிப் பழகிடுச்சு. பில்லு, பேக்கேஜ் பேப்பர், வாட்ஸ்அப்ல அவங்க குடுத்த உத்தரவாதம், விளம்பர ஸ்க்ரீன்ஷாட், லோன் மெசேஜ் எல்லாத்தையும் ஒரே ஃபோல்டர்ல போடுங்க. இத்தனை சிட்டிங்தான் எடுத்தேன், சொன்ன பலன் இல்ல, மீதி சிட்டிங் வேண்டாம், அதுக்கான பணத்தை இந்தத் தேதிக்குள்ள திருப்பிக் குடுங்கன்னு மெயில் போடுங்க, நேர்ல போய்ப் பேசாதீங்க, நேர்ல போனா நம்மளைத் திருப்பி உக்கார வச்சு இன்னொரு பேக்கேஜ் தலையில கட்டிடுவாங்க. லோன் குடுத்த கம்பெனிக்கும் அதே மெயிலைப் போடுங்க, ஆனா இஎம்ஐயைக் கோவத்துல சட்டுனு நிறுத்திடாதீங்க, சிபில் ஸ்கோர் அடி வாங்கும். பதில் வரலைன்னா தேசிய நுகர்வோர் உதவி எண் 1915, அதுல புகார் குடுங்க, நிறைய கம்பெனி இந்தக் கட்டத்துலயே இறங்கி வந்துடும். அதுவும் ஆகலைன்னா மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கு, 2019 சட்டப்படி ரெண்டு வருஷத்துக்குள்ள போகலாம், 5 லட்சம் வரைக்கும் கட்டணம் கிடையாது, வக்கீல் வைக்காம நீங்களே வாதாடலாம், ஆன்லைன்லயே மனு போடலாம். பில்லுக்குக் கீழ ரீஃபண்ட் கிடையாதுன்னு பொடி எழுத்துல இருக்குன்னு பயந்து விட்டுடாதீங்க, அதோட கதை முடிஞ்சுடல.

நம்ம நாட்டுல 1954லயே ஒரு சட்டம் இருக்கு, சில வியாதிகளைக் குணப்படுத்தறேன்னு விளம்பரம் பண்ணக் கூடாதுன்னு, அந்தப் பட்டியல்ல உடல் பருமனும் இருக்கு. அப்படியும் பஸ் பின்னாடி எல்லாம் விளம்பரம் ஓடிட்டுதான் இருக்கு, என்னத்தச் சொல்ல. வீட்ல அம்மாகிட்டயாவது சொல்லிடுங்க, இஎம்ஐயை விட அதை மறைச்சுக்கிட்டு நைட் ஷிஃப்ட் பாக்கறதுதான் உங்களைக் கரைக்குது.

கேள்வி: தொடை இடுக்குல கோடு கோடா சிவப்பா பிளந்த மாதிரி இருக்கு, நான் குண்டும் இல்ல, குழந்தையும் பெறல, 21 வயசுதான். இதுவும் செல்லுலைட்டா? முன்னாடி அந்த இடத்துல படை வந்து மெடிக்கல்ல க்ரீம் வாங்கிப் போட்டேன், அது அரிப்புக்கு நல்லா கேட்டுச்சு, இப்பவும் அப்பப்போ போடறேன். (விருதுநகர்)

பதில்: இது செல்லுலைட் இல்ல, ஸ்ட்ரெச் மார்க், அதுவும் அந்த க்ரீமால வந்ததாத்தான் இருக்கும். உடனே நிறுத்துங்க. மெடிக்கல்ல "படைக்கு ஒண்ணு குடுங்க"ன்னு கேட்டா குடுக்கற நிறைய டியூப்ல பூஞ்சை மருந்தோட வீரியமான ஸ்டீராய்டும் கலந்திருக்கும், அது டாக்டர் சீட்டு இல்லாம குடுக்கவே கூடாத மருந்து. போட்ட ரெண்டு நாள்ல அரிப்பு அடங்கும், அதனால நல்ல மருந்துன்னு நம்பிடுவோம், உள்ள படை பரவிக்கிட்டே இருக்கும், தோல் மெலிஞ்சு போகும், தொடை இடுக்கு, அக்குள்னு மடிப்பு இருக்கற இடத்துல அகலம் அகலமா கோடு விழும். டியூபைத் திருப்பிப் பாருங்க, பீட்டாமெத்தசோன், க்ளோபெட்டசால்னு ஏதாவது எழுதியிருந்தா அதுதான் ஸ்டீராய்டு. சில பேர் சிவப்பாகறதுக்குப் போடற நைட் க்ரீம்லயும் இதேதான் இருக்கு.

அந்தக் கோடு முழுசா மறையாது, ஆனா சிவப்பா இருக்கற கட்டத்துல வந்தா ட்ரெட்டினாயின் மாதிரி மருந்தால கொஞ்சம் தேத்தலாம், வெள்ளையா மாறுனப்புறம் கஷ்டம். அந்த மருந்தை கர்ப்பமா இருக்கறவங்க போடக் கூடாது, அதனால நீங்களா வாங்காதீங்க. பக்கத்துல அரசு மெடிக்கல் காலேஜ் ஆஸ்பத்திரில தோல் பிரிவு இருக்கும், அந்த டியூபையும் கையோட எடுத்துட்டுப் போங்க, படைக்கும் அங்கேயே சரியான மாத்திரை குடுப்பாங்க.

கேள்வி: நவம்பர்ல கல்யாணம். அவர் நல்ல மாதிரிதான். ஆனா கல்யாணத்துக்கு அப்புறம் என் இடுப்பு, தொடை எல்லாம் பாத்தா என்ன நினைப்பாரோன்னு ராத்திரி தூக்கமே வரமாட்டேங்குது. யார்கிட்ட கேக்கறதுன்னு தெரியல. (பெயர் வேண்டாம், நாகர்கோவில்)

பதில்: நீங்க உங்க தொடையை வெளிச்சத்துல, கண்ணாடில, குறை கண்டுபிடிக்கணும்னே பாக்கறீங்க, அவர் அப்படிப் பாக்கப் போறதில்ல. அவருக்கும் தொந்தியோ முதுகுல முடியோ இருக்கும், அதுக்கு அவர் தூங்காம முழிச்சிட்டு இருக்காரான்னு யோசிங்க. ஒருவேளை அந்த மாதிரி ஒரு கமென்ட் அவர் வாயிலேர்ந்து வந்துச்சுன்னா, "இது எனக்கு வலிக்குது, இனிமே சொல்லாதீங்க"ன்னு முதல் தடவையே சொல்லிடுங்க, சேத்து வைக்காதீங்க. ப்ரைடல் பேக்கேஜ்ல செல்லுலைட் ட்ரீட்மென்ட்னு ஏதாவது இருந்தா அதை மட்டும் வெட்டிட்டு அந்தக் காசுக்கு ஒரு நல்ல செருப்பு வாங்குங்க, ரிசப்ஷன்ல மணிக்கணக்கா நிக்கணும்.

கேள்வி: டாக்டர்ம்மா, என் பொண்ணுக்கு 15 வயசு, பத்தாவது. ஆறு மாசம் முன்னாடி வரைக்கும் நல்லா சாப்பிட்ட புள்ள இப்ப டிபன் பாக்ஸை அப்படியே கொண்டு வருது, ராத்திரி ஒரு சப்பாத்தி. கேட்டா என் தொடை ஒண்ணோட ஒண்ணு ஒட்டுதுங்குறா. ஃபோன்ல எப்பவும் ஒல்லியான பொண்ணுங்க வீடியோ. என் மாமியார் வேற பாக்கறப்பெல்லாம் "என்னடி உருண்டை மாதிரி ஆயிட்ட"ன்னு கிண்டல் பண்ணுவாங்க, பாசமாத்தான் சொல்றாங்க. நான் கவலைப்படணுமா இல்ல வயசுக் கோளாறுன்னு விட்டுடலாமா? (மதுரை)

பதில்: விட்டுடாதீங்க. இந்தத் தடவை வந்த கடிதங்கள்லயே எனக்கு ரொம்பக் கவலையா இருந்தது உங்களோடதுதான்.

வயசுக்கு வந்ததுக்கு அப்புறம் இடுப்பு, தொடைல சதை போடறது உடம்போட வேலை, அது நடக்கணும். நின்னா தொடை ஒட்டறதும் அப்படித்தான், எலும்பு அமைப்பைப் பொறுத்தது, பட்டினி கிடந்து இடுப்பெலும்பை மாத்த முடியாது. இதை அவகிட்ட லெக்சரா சொல்லாதீங்க, இப்போதைக்குக் காதுல ஏறாது.

நீங்க கவனிக்க வேண்டியது வேற: பீரியட்ஸ் தள்ளிப் போகுதா, நின்னு போச்சா, சாப்பிட்ட உடனே பாத்ரூம் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கறாளா, மதுரை வெயில்லயும் குளுருதுங்குறாளா, தலை சுத்தி விழுந்தாளா, முடி கொட்டுதா, ஒரு நாளைக்குப் பல தடவை எடை பாக்குறாளா. இதுல ஒண்ணு இருந்தாலும் இந்த வாரமே குழந்தைகள் டாக்டர்கிட்டயோ மனநல டாக்டர்கிட்டயோ கூட்டிட்டுப் போங்க. மனநல டாக்டர்னதும் பயப்படாதீங்க, சாப்பாட்டைப் பாத்தாலே பயப்படற நிலைமை நிஜமான வியாதி, சீக்கிரம் பாத்தா நல்லாவே குணமாகும். போறதுக்குத் தயக்கமா இருந்தா 14416, டெலி மானஸ்னு அரசாங்கத்தோட மனநல உதவி எண், இலவசம், எந்நேரமும் தமிழ்லயே பேசலாம், முதல்ல நீங்க பேசுங்க, அப்புறம் அவ.

ஃபோன் பத்தி சொன்னீங்க. ஃபிஜி தீவுல நட்ரோகாங்கற பகுதிக்கு 1995-ல தான் டிவியே வந்துச்சு. அங்கயும் நம்ம ஊர் மாதிரிதான், பூசினாப்ல இருந்தா நல்லா சாப்பிடற குடும்பம்னு மதிப்பு. ஆன் பெக்கர்னு ஒரு ஆராய்ச்சியாளர் டிவி வந்த புதுசுல ஸ்கூல் பொண்ணுங்ககிட்ட கேட்டப்போ எடையைக் குறைக்க வாந்தி எடுக்கறேன்னு ஒருத்தி கூடச் சொல்லல, 1998-ல திரும்பக் கேட்டப்போ நூத்துக்கு 11 பேர் சொன்னாங்க. மூணு வருஷம், அதுவும் வெறும் டிவி. உங்க பொண்ணு கையில இருக்கறது பாத்த வீடியோ மாதிரியே இன்னும் நூறைத் தேடிக் கொண்டு வர்ற சாமான். பிடுங்கினா சண்டைதான் வரும், கூட உக்காந்து அந்த மாதிரி வீடியோ வந்தா வேண்டாம்னு அமுக்கச் சொல்லுங்க, சாப்பாட்டு நேரத்துல வீட்ல எல்லாரும் ஃபோனை வேற ரூம்ல வைங்க, நீங்களும்தான்.

இப்ப மாமியார். பாசமாத்தான் சொல்றாங்க, ஒத்துக்கறேன், ஆனா நிறுத்தச் சொல்லணும். நீங்க சொன்னா மாமியார் மருமக சண்டையாயிடும், உங்க வீட்டுக்காரர் சொல்லட்டும், "அம்மா, டாக்டர் சொல்லியிருக்காங்க, புள்ள உடம்பைப் பத்தி நல்லதும் சொல்லக் கூடாது கெட்டதும் சொல்லக் கூடாது"ன்னு என் தலையில பழியைப் போடட்டும், பரவால்ல. அவங்க காலத்துல குஷ்பு இட்லின்னு பேரு வச்சு சாப்பிட்டு, அந்த அம்மாவுக்கு ரசிகர்கள் கோயிலே கட்டுனதாப் பேப்பர்ல வந்த ஊருதானே இது, அதே ஊர் இப்ப 15 வயசுப் புள்ளையை உருண்டைங்குதுன்னு நான் கேட்டதாவும் சொல்லுங்க, சிரிச்சுட்டாவது யோசிப்பாங்க. நீங்களும் கண்ணாடி முன்னாடி நின்னு "ஐயோ எனக்கு வயிறு போட்டுடுச்சு"ன்னு அவ காதுபட சொல்றதுண்டான்னு பாத்துக்கோங்க. டிபன் பாக்ஸைத் தொறந்து பாத்து விசாரணை நடத்தாம, ராத்திரி எல்லாரும் ஒண்ணா உக்காந்து அவளுக்குப் பிடிச்சதை சாப்பிடுங்க, தட்டை எண்ணாதீங்க.

எல்லாருக்கும் பொதுவா: கால்ல குழி இருந்தா டாக்டர் வேண்டாம்னு சொன்னேன், ஆனா எப்ப வேணும்னும் சொல்லிடறேன். ஒரே ஒரு கால் மட்டும் திடீர்னு வீங்கி வலி, சூடு இருந்தா அன்னைக்கே ஆஸ்பத்திரி, மறுநாள்னு தள்ளாதீங்க. விரலால அழுத்துனா குழி அப்படியே நின்னா நீர் கோத்திருக்கு, சிறுநீரகம், இதயம் எல்லாம் பாக்கணும். இடுப்புலேர்ந்து கணுக்கால் வரைக்கும் ரெண்டு காலும் ஒரே மாதிரி பருத்து, பாதம் மட்டும் ஒல்லியா இருந்து, தொட்டாலே வலிச்சு, சும்மா இடிச்சா கூட நீலம் பாயுதுன்னா அது லிப்பெடிமாவா இருக்கலாம், டயட்டுக்கு அசையாது, அவங்களைப் போய் சோம்பேறின்னு திட்டிட்டு இருப்பாங்க பாவம். கழுத்துப் பின்னாடி வெல்வெட் துணி மாதிரி கருத்து, பீரியட்ஸும் ஒழுங்கா வராம, எடையும் ஏறுனா பிசிஓஎஸ், சர்க்கரை, தைராய்டு பாருங்க, கழுத்தைத் தேய்ச்சுக் கழுவிப் பிரயோஜனம் இல்ல.

அடுத்த இதழ்ல முடி கொட்டுறதும் பருத் தழும்பும். எழுதும்போது வயசு, சாப்பிட்டுட்டு இருக்கற மாத்திரை பேரு, பீரியட்ஸ் ஒழுங்கா வருதான்னு மறக்காம எழுதுங்க, போட்டோ அனுப்பறதா இருந்தா ஃபில்டர் போடாம பகல் வெளிச்சத்துல எடுத்து அனுப்புங்க, போன தடவை ஒரு பொண்ணு பியூட்டி மோட்ல எடுத்து அனுப்பிட்டு பரு எங்க இருக்குன்னு என்னையே தேட வச்சுட்டா.